புதுப்பிப்பு: ஏலக்காய்க் கடைக்கு சர்வர் வாங்கவில்லை

போடியில் எங்கள் ஏலக்காய்க் கடைக்குப் புது கம்ப்யூட்டர் சர்வர் வாங்கலாமா என்று போன மாதம் இங்கே கேட்டிருந்தேன். "வியாபாரம் எந்தப் பக்கம் போகிறதென்று முதலில் அப்பாவிடம் கேளுங்கள்" என்றார் ஒருவர். கொஞ்சம் சுருக்கென்றுதான் இருந்தது. சரி, கேட்டேன்.

அப்பா யோசிக்கவே இல்லை. "மொத்தமா வடக்கே தள்ளுறதைக் குறைச்சுக்கிட்டு, எட்டு எம்எம் காயைப் பாக்கெட் போட்டு விக்கணும்டா." சர்வர் பேச்சே வரவில்லை.

அப்படியென்றால் எங்களுக்கு வேண்டியது எந்த மூட்டை எந்த லாட் (ஏலத்தில் ஒரே எண்ணில் வரும் தொகுதி), என்ன சைஸ் என்ற கணக்குதான். போடி, புற்றடி இரண்டு மின் ஏலத்திலும் எடுக்கிறோம். புற்றடிச் சரக்கு கேரளத்திலிருந்து வருவதால் ஐஜிஎஸ்டி (மாநிலம் விட்டு மாநிலம் விற்கும் சரக்குக்கான வரி), 50,000 ரூபாயைத் தாண்டினால் வண்டியோடு வரும் இ-வே பில் என்ற மின் சீட்டு. காகிதமெல்லாம் பக்கா. குடோனுக்குள் வந்ததும்தான் குழப்பம். மூட்டையில் சாக்பீஸால் எழுதிய எண் கை பட்டு அழிந்து, போன வாரம்கூட ஏழு எம்எம் மூட்டையை எட்டென்று பிரித்துவிட்டோம்.

சர்வருக்கு வைத்திருந்த பணத்தில் லேபிள் பிரிண்டரும் இரண்டு ஸ்கேனரும் வாங்கியாயிற்று. பழைய பில்லிங் மென்பொருள் அப்படியே ஓடுகிறது. கணக்குப்பிள்ளை மட்டும் இன்னும் நோட்டிலும் எழுதுகிறார். எழுதட்டும் என்று விட்டுவிட்டேன்.