மறு: ‘ரெகுலேட்டரி டிராட்’ என்பதற்குத் தமிழ்ச்சொல்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். அருகிவரும் உயிரினத்தைக் காக்கும் விதிகளால் நீர் எடுப்பு குறைந்து, பயனாளர்க்கு நேரும் பற்றாக்குறையை ஆங்கிலத்தில் ‘ரெகுலேட்டரி டிராட்’ (regulatory drought) என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச்சொல்லாக நண்பர் ஒருவர் முன்வைத்தது:

> ‘ஒழுங்குமுறை வறட்சி’ என்றே வைத்துக்கொள்ளலாம். சொல்லுக்குச் சொல் சரியாக வருகிறது.

சொல்லுக்குச் சொல் சரியாக வருவதுதான் எனக்குத் தயக்கத்தைத் தருகிறது. இத்தொடரை முதன்முறை காண்பவர், வறட்சி ஒழுங்காக முறைவைத்து வருகிறது என்றே பொருள்கொள்வார். ‘மீன் வறட்சி’ என்று மற்றொரு நண்பர் முன்வைத்தது இன்னும் சிக்கலானது. மீன் கிடைக்காத காலத்தையே அது குறிக்கும். (மீனின் பக்கம் நின்று பார்த்தால் அதுவும் பிழையில்லைதான்.)

சொல்லைத் தேடுமுன் அது வழங்கும் இடத்தில் நடப்பதைப் பார்த்துவிடுவோம். கலிஃபோர்னியாவில் சேக்ரமெண்டோ, சான் வாக்கீன் ஆறுகள் கூடும் டெல்டாவின் தென்பகுதியில், கூட்டரசின் மத்தியப் பள்ளத்தாக்குத் திட்டத்துக்கும் மாநில நீர்த்திட்டத்துக்கும் உரிய பெரும் பம்பு நிலையங்கள் உள்ளன. அவை முழுவீச்சில் இறைக்கும்போது, ஓல்டு ரிவர், மிடில் ரிவர் என்னும் கிளைகளில் நீர் கடலை நோக்கிச் செல்லாமல் பம்புகளை நோக்கித் திரும்பி ஓடுகிறது. அந்த எதிரோட்டத்தில் சிக்கும் மீன்களுள் விரல் நீளமே உள்ள, பெரும்பாலும் ஓராண்டே வாழும் டெல்டா ஸ்மெல்ட்டும் ஒன்று. 1973ஆம் ஆண்டின் அருகிவரும் உயிரினங்கள் சட்டத்தின்கீழ் 1993இல் அது அச்சுறுநிலை இனமாகப் பட்டியலில் சேர்ந்தது. 2008இல் அமெரிக்க மீன், வனவிலங்குத் துறை அளித்த உயிரியல் கருத்துரை (ஒரு திட்டம் அத்தகைய இனத்தைப் பாதிக்குமா என்று அச்சட்டப்படி தரும் மதிப்பீடு), குளிர்காலத்திலும் இளவேனிலிலும் அந்த எதிரோட்டத்தின் உச்ச அளவை, நிலைமைக்கேற்ப வினாடிக்கு 1,250 முதல் 5,000 கன அடிக்குள் வரையறுத்தது. அந்த வரம்பை மீறாதிருக்க வேண்டுமானால் இறைப்பைக் குறைத்தாக வேண்டும். தெற்கே உள்ள வயல்களுக்கும் நகரங்களுக்கும் அந்த அளவுக்கு நீர் குறையும்.

ஆக, ஆற்றில் நீர் ஓடிக்கொண்டிருக்கும்போதே இந்தப் பற்றாக்குறை நேரக்கூடும். ‘வறள்’ என்னும் வேரோ காய்ந்துபோவதைக் குறிப்பது. மண் வறளும், தொண்டை வறளும். பெருகி ஓடும் ஆற்றின் கரையில் நின்றுகொண்டு வறட்சி என்று சொல்ல நாக்கு எழாது.

இதைவிட முதன்மையான தடை ஒன்று உண்டு. ஆங்கிலத் தொடர் நடுநிலையானதன்று. பாசன வேளாண் தரப்பின் மனக்குறை அதில் இருக்கிறது. 2007 முதல் 2009 வரை அங்கே மூன்று ஆண்டுகள் மழையும் பனியும் குறைந்திருந்தன. 2009இல் டெல்டாவுக்குத் தெற்கே மத்தியப் பள்ளத்தாக்குத் திட்டத்திடம் நீர் பெற ஒப்பந்தம் செய்திருந்த வேளாண் தரப்பினர் பலருக்கு ஒப்பந்த அளவில் 10 விழுக்காடே ஒதுக்கப்பட்டது. அக்குறைவில் வானத்தின் பங்கு எவ்வளவு, மீனின் பங்கு எவ்வளவு என்பதே வழக்காக இருந்தபோது, பெயரிலேயே தீர்ப்பை எழுதிவிடுகிறது இத்தொடர். ஆகவே இரண்டு சொற்கள் வேண்டும் என்பது என் கருத்து. அத்தரப்பின் பேச்சை மொழிபெயர்க்கும்போது ‘சட்ட வறட்சி’ என்றும், நாமே எழுதும்போது ‘காப்புவழி நீர்க்குறை’ என்றும் கொள்ளலாம்.

ஆரிகன், கலிஃபோர்னியா எல்லையில் உள்ள கிளமத் படுகையில் இதைப் பொருத்திப் பார்த்தேன். 2001இல், கடும் மழைக்குறைவுக்கிடையே, ஏரியில் வாழும் இரண்டு சக்கர் மீனினங்களுக்காக நீர்மட்டத்தையும், கீழே ஆற்றில் வாழும் கோஹோ சால்மனுக்காக நீரோட்டத்தையும் காக்க வேண்டியிருந்ததால், பாசனத் திட்டத்தின் பெரும்பகுதிக்கு நீர் நிறுத்தப்பட்டது. மறு ஆண்டு வயலுக்கு நீர் கிடைத்தது. அந்த செப்டம்பரில் கீழாற்றில் பல்லாயிரம் சால்மன்கள் செத்து மிதந்தன. குறை எப்பக்கம் விழுந்தாலும் ‘நீர்க்குறை’ பொருந்துகிறது, ‘வறட்சி’ பொருந்தவில்லை.

மேலாண்மைச் சொற்களில் இரண்டை மட்டும் இப்போது தருகிறேன். விற்க விரும்புவோரிடம் நீரை வாங்கி, இறைப்புக் குறைப்பால் இழந்தவர்களுக்கு ஈடுசெய்ய 2000இல் தொடங்கிய ஏற்பாட்டை ‘சூழல் நீர்க்கணக்கு’ எனலாம். மிகுநீர் ஆண்டில் நிலத்தடியில் இறக்கிவைத்துப் பின்னர் எடுப்பதற்கு ‘நிலத்தடி நீர்வைப்பு’ போதும், ஆங்கிலச் சொல்லில் உள்ள ‘வங்கி’ வேண்டாம்.

_______

ஐயா, வணக்கம்.

‘நீர்க்குறை’யை முழுமனத்துடன் ஏற்கிறேன். ‘காப்புவழி’யில் எதைக் காப்பது என்பது தெரியவில்லை. வெள்ளக்காப்புக்காக அணையில் இடம் ஒழித்துவைத்தாலும் பின்னர் நீர் குறையலாம். அதையும் இச்சொல் இழுத்துக்கொள்ளும். ‘இனக்காப்பு’ என்றால் வேறு வம்பு. நீளமானாலும் ‘உயிரினக்காப்பு நீர்க்குறை’ என்பதே பாதுகாப்பானது.

‘சட்ட வறட்சி’ குறித்து ஒன்று. ‘மீன் வறட்சி’க்குத் தாங்கள் சொன்ன அதே காரணத்தால், இது சட்டங்கள் போதாத நாட்டைக் குறிக்கும். ‘விதித்த வறட்சி’ என்று மாற்றலாமா? இயற்கையாக வந்ததன்று, ஒருவர் விதித்தது என்னும் மனக்குறை அதில் அப்படியே நிற்கிறது.

_______

‘விதித்த வறட்சி’ என்னுடையதைவிட நன்று, ஏற்கிறேன். பட்டியலில் இவ்வாறு பதிவுசெய்கிறேன்:

உயிரினக்காப்பு நீர்க்குறை: அச்சுறுநிலையில் உள்ள உயிரினத்தைக் காக்கும் விதிகளால் நீர் எடுப்பு குறைக்கப்படுவதன் வழியே பயனாளர்க்கு நேரும் பற்றாக்குறை, மழைக்குறைவுடன் சேர்ந்தும் நேரலாம்.

விதித்த வறட்சி: மேற்படி, மேற்கோளில் மட்டும்.