பரணில் கிடந்த டிரெக்கிங் ஷூ: ஒட்டிப் போடலாமா, புதுசு வாங்கலாமா?

தேனிக்காரன்:
அடுத்த மாதக் கடைசியில் குரங்கணியிலிருந்து மூணாறு பக்கம் இருக்கிற டாப் ஸ்டேஷன் மலைக்கு ஏறப் போகிறோம். கொரோனாவுக்கு முன்னால் வாங்கிய ஷூ பரணில் பெட்டியோடு இருந்தது, அதிகம் போட்டதே இல்லை, மேலே பார்த்தால் புதுசேதான். நேற்று போட்டுக்கொண்டு மாடிப்படி இறங்கினால் ஒரு கால் அடிப்பாகம் வாயைப் பிளந்துவிட்டது, நடுவில் இருக்கிற மெத்தைப் பகுதி விரல் பட்டாலே பொடியாக உதிர்கிறது. தைத்து ஒட்டினால் தாங்குமா? புதுசு வாங்கினால் அதற்குள் காலுக்குப் பழகுமா?

மலைநடை:
உதிர்கிறது என்றால் ஒட்ட வேண்டாம் தம்பி. அந்த நடுப்பகுதி பாலியூரித்தேன் என்கிற நுரைப் பிளாஸ்டிக்காக இருக்கும். காற்றிலுள்ள ஈரம் பட்டுப்பட்டு அது உள்ளுக்குள்ளேயே சிதைந்துவிடும், போடாமல் பூட்டி வைத்தாலும் இதுதான் கதி. பசை பிடிக்கக் கெட்டியாக எதுவும் மிச்சமில்லை. மெத்தை உறுதியாக இருந்து கீழே ரப்பர் மட்டும் விட்டிருந்தால், செருப்பு தைப்பவரிடம் கொடுத்து ஒட்டிச் சுற்றித் தையல் போட்டிருக்கலாம். நன்றாக இருக்கிற மாதிரி தெரியும் இன்னொரு காலையும் நம்பாதீர்கள், அதற்கும் அதே வயதுதானே.

கோத்தகிரி வாசி:
புதுசு வாங்க சாயங்காலம் போங்கள், நாள் முழுக்க நடந்தபின் பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கும், மலையிலும் அப்படித்தான். மலைக்குப் போடுகிற அதே சாக்ஸோடு போட்டுப் பாருங்கள். கடையில் சரிவுப் பலகையோ படிக்கட்டோ இருந்தால் இறங்கிப் பாருங்கள், விரல் முன்னால் போய் இடித்தால் அந்த அளவு வேண்டாம். டாப் ஸ்டேஷனிலிருந்து நடந்தே திரும்புவதானால் கால் நகத்தைக் கறுக்க வைப்பது அந்த இறக்கம்தான்.

தேனிக்காரன்:
நன்றி அண்ணா. கணுக்கால் வரை வரும் தோல் ஷூ எடுக்கலாமா? ஈரமாக்கிப் போட்டு நடந்தால் சீக்கிரம் பழகும் என்கிறார்களே?

மலைநடை:
ஈரத்தோடு நடந்தால் தோல் உருமாறும், காலும் கொப்பளிக்கும். கனத்த தோல் ஷூ பழக வாரக்கணக்கில் ஆகும், உங்களுக்கு இருக்கிற நாளுக்குத் துணியும் வலையும் கலந்த இலேசான ஷூவே போதும், மழையில் நனைந்தாலும் சீக்கிரம் காயும். முதலில் வீட்டுக்குள்ளேயே போட்டு நடங்கள், அழுக்காகாமல் இருந்தால் கடையில் மாற்றவும் கேட்கலாம். அப்புறம் தெருவில், அதன்பின் முதுகில் பையோடு ஏற்ற இறக்கம் உள்ள இடத்தில். வேலைக்கும் அதையே போட்டுப் போங்கள். பருத்தி சாக்ஸ் வியர்வையைப் பிடித்து வைத்துக்கொள்ளும், கம்பளியோ செயற்கை இழையோ வாங்குங்கள்.

கோத்தகிரி வாசி:
நடக்கும்போது ஷூவுக்குள் குதிகால் தூக்கினால் மேலே இருக்கிற கடைசித் துளைகளிலும் லேஸைக் கோத்து வளையம் போட்டு இறுக்குங்கள். எங்காவது சுருக்கென்று எரிந்தால் கொப்புளம் வரும்வரை காத்திருக்காமல் அங்கேயே உட்கார்ந்து டேப் ஒட்டிவிடுங்கள். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப எரிந்தால் அந்த ஷூ உங்கள் காலுக்கு இல்லை, எத்தனை நாள் நடந்தாலும் சரியாகாது.