ஆனியில் கெண்டை ஏறாதாம்!

குளத்துக்கரை (கொழிஞ்சாம்பாறை, கேரளம்): விரால் தூண்டிலுக்கு இரைக்கெண்டை எப்போது கிடைக்கும் என்று ஒருவர் கேட்டதற்கு, "கெண்டை ஐப்பசி மழைக்குத்தான் தண்ணீரை எதிர்த்து ஏறும், ஆனியில் ஒரு குஞ்சுகூட ஏறாது" என்று உடுமலைத்தூண்டில் அண்ணன் பதில் போட்டிருக்கிறார். படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தென்மேற்கு மழை வந்து, வரத்து வாய்க்காலில் செந்தண்ணீர் இறங்கும் நாளில் எங்கள் ஊருக்கு வந்து பாருங்கள். வரப்பு உடைப்பில் விரல் நீளக் கெண்டை ஒருக்களித்துப் படுத்துத் துள்ளித் துள்ளி வயலுக்குள் ஏறும். வயிற்றை லேசாக அழுத்தினால் சினை பிதுங்கும்.

உடுமலைத்தூண்டில்: தம்பி, முப்பது வருடமாகத் தூண்டில் போடுகிறேன். ஆனியில் எங்கள் குளத்தில் சேறு வெடித்துக் கிடக்கும். வடகிழக்கு மழைதான் நிரப்பும். ஆனியில் ஏறாது.

வரப்புநண்டு: எந்தக் கெண்டை? குள்ளக்கெண்டையா, சேல்கெண்டையா? அதைச் சொல்லிவிட்டுச் சண்டை போடுங்கள்.

உடுமலைத்தூண்டில்: கெண்டை என்றால் கெண்டை. நடுவில் புகுந்து குழப்பாதீர்கள்.

குளத்துக்கரை: உங்கள் குளத்தில் தண்ணீர் இல்லையென்றால் எங்கள் கெண்டை காலண்டர் பார்த்துக் காத்திருக்குமா? போன வருடம் கெளுத்தி பற்றியும் இப்படித்தான் அடித்துவிட்டீர்கள், மறக்கவில்லை.

சித்தூர்ப்புழை: மாதத்தை விடுங்கள், புதுத்தண்ணீர்தான் விஷயம். மூலத்தரைத் தடுப்பணையில் தண்ணீர் திறந்துவிட்டால் வாய்க்கால் குளத்தில் விழும் இடத்தில் கெண்டை கூடி நிற்கும். ஆழியாற்றுத் தண்ணீர் நேரத்துக்கு வந்தால்தானே! தமிழ்நாடும் கேரளமும் போட்ட 1970 ஒப்பந்தப்படி வருடத்துக்கு 7.25 டி.எம்.சி. எங்களுக்கு மணக்கடவில் வரவேண்டும்.

உடுமலைத்தூண்டில்: மீன் பேச்சில் தண்ணீர்க் கணக்கு எதற்கு? எங்கள் விவசாயியும் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறான்.

சித்தூர்ப்புழை: கடைமடையில் இருப்பவனுக்குத்தான் அந்த வலி தெரியும்.

குளத்துக்கரை: தண்ணீர்ச் சண்டையை வேறு இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சித்திரையில் குளம் சுருங்கும்போது விடியற்காலையில் போய்ப் பாருங்கள். கெண்டை மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். சூடான தண்ணீரில் பிராணவாயு கொஞ்சம்தான் நிற்கும், இராத்திரி முழுக்கப் பாசியும் மீனும் அதை இழுத்துவிடும். நீர்க்காகம் வேறு வரிசையாகக் காத்திருக்கும். அந்தக் கஷ்டத்திலிருந்து தப்பி, புதுத்தண்ணீர் வாசத்துக்கு வயலில் ஏறி, புல்லடியில் முட்டை விடுகிறது. குஞ்சுக்கு அங்கே பூச்சி உண்டு, விரால் தொல்லை குறைவு. இதையெல்லாம் எங்கள் அப்புச்சி காட்டிக் கொடுத்தது. ஆனியில்தான் காட்டினார்.

உடுமலைத்தூண்டில்: சினை மீனைப் பிடித்து வயிற்றை அழுத்தினேன் என்று எழுதியிருக்கிறீர்கள். ஏறும் மீனைப் பிடிப்பது உங்கள் மாநிலத்தில் 2010 மீன்வளச் சட்டப்படி குற்றம், தெரியுமா?

குளத்துக்கரை: அழுத்தியது பள்ளிக்கூட வயதில். புதுமழைக்கு மீன் ஏறுவதற்கு மலையாளத்தில் 'ஊத்த' என்று பெயரே இருக்கிறது. மழைக்கால ஆரம்பத்தில் மீன் ஏறாவிட்டால் அதைப் பிடிக்காதே என்று எதற்குச் சட்டம்? உங்கள் வாயாலேயே ஒத்துக்கொண்டீர்கள்!

உடுமலைத்தூண்டில்: நான் எதையும் ஒத்துக்கொள்ளவில்லை. சட்டம் வேறு, கெண்டை வேறு.

வரப்புநண்டு: எந்தக் கெண்டை என்று இன்னும் ஒருவரும் சொல்லவில்லை.

குளத்துக்கரை: ஆனியில் ஏறும்.

உடுமலைத்தூண்டில்: ஐப்பசி வரட்டும், படம் போடுகிறேன்.

குளத்துக்கரை: ஐப்பசிப் படம் யாருக்கு வேண்டும்? கேட்டது ஆனி.