புதுப்பிப்பு: அம்மாவுக்குப் பாட்டுப்பெட்டி வாங்கியாச்சு

அடுப்படிக்கும் திண்ணைக்கும் அம்மா தூக்கிக்கொண்டு போகிற மாதிரி, 4,000 ரூபாய்க்குள் ஒரு பாட்டுப்பெட்டி வேண்டும் என்று போன மாதம் கேட்டிருந்தேன். 5,000 பாட்டு ஏற்றி வரும் சரிகம நிறுவனத்தின் கார்வான் பெட்டியைப் பலர் சொன்னீர்கள். ஆசைதான், ஆனால் பட்ஜெட்டைத் தாண்டியது.

கடைசியில் எஃப்.எம்., பென் டிரைவ் இரண்டும் உள்ள புளூடூத் ஸ்பீக்கர் ஒன்று எடுத்தேன். ஸ்பீக்கரின் திறன் எத்தனை வாட் என்ற கணக்கைப் பார்க்கவில்லை. கடையிலேயே ஒரு பழைய பாட்டைக் குறைந்த சத்தத்தில் போட்டுக் கேட்டேன். எதில் குரல் தெளிவாக இருந்ததோ, அதையே வாங்கினேன்.

புளூடூத்தை அம்மா தொடுவதே இல்லை. போன் வந்தால் பாட்டு நின்றுவிடுகிறதாம். அதனால் பென் டிரைவில் பாடகர் வாரியாகப் பிரித்துக் கொடுத்துவிட்டேன். தேனியில் கொடைக்கானல் எஃப்.எம். 100.5 சுத்தமாக எடுக்கிறது. காலையில் எழுந்ததும் அதுதான். அப்புறம், சார்ஜ் போடும் துளை டைப்-சி என்பதால் என் போன் சார்ஜரே போதும்.