தளி குளிரில் கேஸ் அடுப்பு சுருங்கிப் போகிறது, களி வேகவில்லை: யாராவது சொல்லுங்களேன்

கேட்டவர் (தருமபுரி):
பொங்கல் கழிந்த வாரம் கிருஷ்ணகிரி மாவட்டத்துத் தளிக்குப் பக்கத்தில் நண்பனின் மாமா தோட்டத்தில் நாலு பேர் கூடாரம் போட்டுத் தங்கினோம். பட்டா நிலம்தான், காட்டுக்குள் போகவில்லை. கொண்டுபோனது குழாய் வைத்த சின்ன மடக்கு அடுப்பு. ஸ்ப்ரே டப்பா மாதிரி நீளமாக இருக்குமே, அந்த கேஸ் கேனை ஓர் அடாப்டர் போட்டு மாட்டுகிற வகை.

சாயங்காலம் கேனைத் தரையில் படுக்க வைத்துப் பற்ற வைத்தேன். குப்பென்று மஞ்சளாக எழும்பி பாத்திரத்தின் பாதி உயரம் வரை போய்விட்டது. பயந்து அடைத்துவிட்டு, கேனை இரண்டு கல்லுக்கு நடுவில் நிமிர்த்தி வைத்ததும் நீலமாக ஒழுங்காக எரிந்தது. டீ, முட்டை எல்லாம் ஆயிற்று. மறுநாள் விடிகாலை ஐந்து மணிக்கு அதே கேன், அதே அடுப்பு. களிக்கு உலை வைத்தோம். எடுத்ததும் நன்றாக எரிந்தது, போகப் போக அகல் விளக்குத் திரி அளவுக்கு இறங்கிவிட்டது. குலுக்கினால் உள்ளே கேஸ் தளும்புகிற சத்தம் கேட்கிறது. கேனின் அடிப்பக்கம் வேர்த்து, தொட்டால் ஐஸ். மாவு வெந்தும் வேகாமலும் கிடக்க, நாலு பேரும் பிஸ்கட் தின்றோம். அடுப்புக் கோளாறா, கேஸ் கலப்படமா? வருகிற சனிக்கிழமை மறுபடி போகிறோம்.

பதில் (ஓசூர்):
கேஸ் வெளியே வருகிற நாசில் ஓட்டை அடைத்திருக்கும். குண்டூசி விட்டுக் குத்திப் பாருங்க, சரியாகிவிடும்.

பதில் (தேன்கனிக்கோட்டை):
தம்பி, குண்டூசியைத் தொடாதீங்க. அந்த ஓட்டை கொஞ்சம் பெரிதானாலும் அடுப்பு பாழ். நாசில் அடைத்திருந்தால் சாயங்காலமே மக்கர் பண்ணியிருக்கும்.

உங்களுக்கு வந்தது இரண்டு தனித்தனிக் கோளாறு. முதலில் மஞ்சள் தீ. நீளக் கேனின் வாய் விளிம்பில் ஒரு சின்ன வெட்டு இருக்கும், பார்த்திருப்பீங்க. உள்ளே இருக்கும் குழாய் அந்த வெட்டு இருக்கிற பக்கமாக வளைந்திருக்கும். படுக்க வைக்கும்போது வெட்டு மேலே இருந்தால் மேலே நிற்கிற ஆவியை இழுக்கும். வெட்டு கீழே போய்விட்டால் திரவமே குழாயில் ஏறி பர்னருக்கு வந்துவிடும், அதுதான் குப்பென்று எழும்பியது. பெட்டி அடுப்பில் கேனை வைக்கும்போதே வெட்டு தானாகப் பொருந்திவிடும். அடாப்டரில் நாம்தான் பார்த்து வைக்கணும்.

இரண்டாவது, காலையில் சுருங்கியது. இதில் கலப்படம் ஒன்றும் இல்லை. அந்தக் கேனில் இருப்பது பெரும்பாலும் வெறும் புட்டேன். புட்டேன் கொதிக்கிற நிலை மைனஸ் 0.5 டிகிரி. தளியில் அவ்வளவு குளிர் ஏது என்று கேட்பீங்க. ஆனால் திரவம் ஆவியாகும்போது அதற்கு வேண்டிய சூட்டை கேனிலிருந்தே எடுத்துக்கொள்ளும். மண்பானையில் தண்ணீர் குளிர்வது மாதிரி. வெளியே பத்துப் பன்னிரண்டு டிகிரி இருந்தால்கூட, பெரிய தீயில் கால்மணி நேரம் எரிந்தால் கேன் அதைவிட நன்றாகக் குளிர்ந்து அந்தக் கொதிநிலைக்குப் பக்கத்தில் போய்விடும். அழுத்தம் போய்விடும். பாதி காலியான கேன் இன்னும் சீக்கிரம் குளிரும். வீட்டு சிலிண்டரில் புரொப்பேனும் கலந்திருப்பதால் இந்தத் தொல்லை தெரிவதில்லை. புரொப்பேன் மைனஸ் 42-லேயே கொதித்துவிடும். புரொப்பேன் கலந்த குட்டைக் கேன்களும் கடையில் உண்டு, விலைதான் கூட.

கேட்டவர்:
அண்ணா, இப்போது புரிகிறது. ஒன்று சொல்லாமல் விட்டேன். தீ சுருங்கியதும் ஒருத்தன் சுள்ளி பற்ற வைத்து கேனைப் பக்கத்தில் காட்டினான். அதற்கும் மசியாததால் அடுப்பைக் கூடாரத்துக்குள் கொண்டுபோய்ப் பார்த்தோம்.

பதில் (தேன்கனிக்கோட்டை):
உயிரோடு வந்து எழுதுகிறீங்களே, அதுவே பெரிய விஷயம். கேனை 50 டிகிரிக்கு மேல் சூடாக்கக் கூடாது. சுள்ளித் தீயில் காட்டினால் எவ்வளவு ஏறுகிறது என்று யாருக்குத் தெரியும்? அடைத்த கூடாரத்துக்குள் அடுப்பு எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது, தூங்கினவர் எழுந்திருக்க மாட்டார். இரண்டையும் இனிமேல் செய்யாதீங்க.

செய்ய வேண்டியது இதுதான். ராத்திரி கேனை அடாப்டரிலிருந்து கழற்றி, துணியில் சுற்றி, போர்வைக்குள் வைத்துப் படுங்க. காலையில் ஓர் அகலத் தட்டில் இரண்டு விரல் தண்ணீர் ஊற்றி அதில் கேனை நிமிர்த்தி வைங்க. தோட்டத்தில் போர் இருக்கும் இல்லையா, விடிகாலையில் மோட்டார் போட்டால் வெதுவெதுப்பாக வருமே, அந்தத் தண்ணீரே போதும். சில்லிட்டதும் மாற்றுங்க. காற்றுக்குத் தகரம் மறைக்கும்போது கேனையும் சேர்த்து மூடிவிடாதீங்க.

பதில் (பாலக்கோடு):
அடுப்பைப் பற்றி அவர் சொல்லிவிட்டார், களியை நான் சொல்கிறேன். முழுத் தீயில் மாவைப் போட்டுக் கிண்டிக்கொண்டே இருந்திருப்பீங்க, கேஸ் அத்தனையும் அதில்தான் போயிருக்கும். ஒரு கைப்பிடி நொய்யை முதலில் குழைய வேக விடுங்க. ஒரு டம்ளர் மாவுக்குச் சுமார் இரண்டரை டம்ளர் தண்ணீர். மாவைக் குவியலாகக் கொட்டி, துடுப்புக் காம்பால் நடுவில் ஓட்டை போட்டு, மூடி, சின்னத் தீயில் பத்து நிமிடம். கிண்டவே வேண்டாம். அப்புறம் இறக்கித் தரையில் வைத்து, சாக்குத் துணியால் பிடித்துக்கொண்டு கிண்டுங்க. அந்தச் சின்ன அடுப்பின் மேலேயே வைத்துக் கிண்டினால் உலையோடு கவிழும். ஈரக் கையால் தொட்டால் ஒட்டக் கூடாது, அதுதான் பதம்.

பதில் (அஞ்செட்டி):
இன்னொன்று. குளிர்காலத்தில் கர்நாடகத்துப் பன்னேர்கட்டா காட்டுப் பக்கத்திலிருந்து ஜவளகிரி, தளி வழியாக யானைக் கூட்டம் இறங்குகிற நேரம் இது. ராகி மாவு, வெல்லம், வாழைப்பழம் எதையும் கூடாரத்தில் வைக்காதீங்க, மாமா வீட்டுக்குள் கொடுத்துவிடுங்க. தோட்டம் காப்புக்காட்டை ஒட்டியிருந்தால் வனத்துறை ஆளிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்க. சுள்ளி நெருப்பே வேண்டாம், புல் காய்ந்து கிடக்கிறது.

கேட்டவர் (திங்கட்கிழமை):
போய் வந்துவிட்டோம். வெட்டை மேலே பார்த்து வைத்ததும் படுக்க வைத்த கேனிலும் நீலத் தீதான். காலையில் போர் தண்ணீரில் நிமிர்த்தி வைத்தோம், இரண்டு முறை மாற்றினோம், கடைசி வரை இறங்கவில்லை. களி வெந்தது, கொஞ்சம் கட்டி தட்டியது, அது எங்கள் கை. யானை வரவில்லை, பிளிறல் மட்டும் தூரத்தில் கேட்டது. அதன் பிறகு யாரும் தூங்கவில்லை. போன தடவை மஞ்சள் தீயில் கரி பிடித்த பாத்திரத்தை மட்டும் அம்மா இன்னும் வீட்டுக்குள் விடவில்லை. எதைப் போட்டுத் தேய்த்தால் போகும்?

பதில் (பாலக்கோடு):
சாம்பலும் தேங்காய் நாரும். நீங்களே தேயுங்க, அம்மாவிடம் கொடுக்காதீங்க.