புதுப்பிப்பு: செரெங்கெட்டி போய் வந்தாச்சு

குறைந்த செலவில், குழுவாகக் கூடாரத்தில் தங்கி தான்சானியா சஃபாரி போகலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். தைரியமாகப் போகலாம்.

செரெங்கெட்டி பூங்காவின் நடுவிலுள்ள செரோனெரா முகாமுக்கு வேலியே கிடையாது. கம்பி வலை சமையலறைக்குத்தான். ராத்திரி கழுதைப்புலியின் குரல் கூடாரத்துக்கு வெகு அருகில் கேட்டது. கூடாரத்தின் ஜிப்பில் கைவைக்கவே இல்லை, விடியும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். காலையில் ஈரமண்ணில் தடம் பதிந்திருந்தது. அந்த ஒரு ராத்திரிக்காகவே மறுபடி போவேன்.

ஸ்வெட்டர் எடுத்துப்போகச் சொன்னவருக்கு மனமார்ந்த நன்றி. ங்கோரோங்கோரோ எரிமலைப் பள்ளத்தின் விளிம்பிலுள்ள சிம்பா முகாம் 2,000 மீட்டருக்கும் மேலே. குளிர் எலும்பைத் துளைக்கிறது.

அப்புறம், பிளாஸ்டிக் பை கொண்டுபோகாதீர்கள். 2019 முதல் தான்சானியாவில் தடை.