கியூபாக் காப்பிச் சுவைத்தாள்: ‘பாடி’க்கு என்ன சொல்?

யோ. (ரொறன்ரோ):

அன்பர்களுக்கு வணக்கம். கொஞ்சம் அவசரம்.

வருகிற ஞாயிறு பின்னேரம் எங்கள் வீட்டில் ஏழெட்டுப் பேர் கூடி கியூபாக் கோப்பி சுவைபார்ப்பதாக ஏற்பாடு. கனடாவில் கியூபாச் சரக்குக்குத் தடை இல்லை, அதனால் கொட்டை கிடைப்பதில் சிக்கல் இல்லை. துர்க்கினோ தரத்தில் பச்சைக்கொட்டை கொஞ்சம், கரகொலில்யோ கொஞ்சம், கடையில் வறுத்தே விற்கிற செரானோ ஒரு பை. பச்சைக்கொட்டையை முதல் நாள் நானே வறுத்து வைப்பேன்.

சிக்கல் தாளில்தான். வருகிறவர்களில் பாதிப்பேர் எழுபதைக் கடந்தவர்கள். நாக்கு நல்ல நாக்கு, ஆனால் ஆங்கிலத் தாளை நீட்டினால் ‘நல்லாயிருக்கு’ என்று மட்டும் எழுதித் தந்துவிட்டு வடைக்குப் போய்விடுவார்கள். அதனால் உயர்தரக் காப்பிக்கான சங்கமான ஸ்பெஷால்ட்டி காபி அசோசியேஷனின் பழைய 100 மதிப்பெண் சுவைத்தாளைத் தமிழில் அடிக்கிறேன், வியாழன் இரவு அச்சுக்குப் போகவேண்டும். பத்துக் கட்டத்தில் மணம், சுவை, பின்சுவை, சமநிலை, ஒருசீர்மை, மாசின்மை, இனிப்பு, மொத்தத்தில் என்று எட்டை ஒப்பேற்றிவிட்டேன். நிற்பது நாக்கில் சுருக்கென்று படுகிற அசிடிட்டியும், காப்பி வாயில் படும் தன்மையான பாடியும். செய்முறைக் குறிப்பில் இன்னும் இரண்டு: வெந்நீர் ஊற்றியதும் மேலே கட்டுகிற தூள் படலம், வறுத்த பின்னும் நிறம் ஏறாமல் கிடக்கிற கொட்டை. தூளில் வெந்நீர் ஊற்றி, உறிஞ்சிப் பார்த்து மதிப்பெண் போடுகிற மொத்த வேலைக்கு, அதாவது கப்பிங்குக்கு, ‘கோப்பைமுறை’ என்று போட்டிருக்கிறேன்.

செ. (ஏற்காடு):

தம்பி, கோப்பைமுறை வேண்டாம். கப்பிங் என்று தேடினால் முதுகில் கிண்ணம் வைத்து இழுக்கிற வைத்தியம்தான் முதலில் வருகிறது. உங்கள் பெரியவர்கள் சட்டையைக் கழற்றிவிடப் போகிறார்கள். ‘சுவைத்தேர்வு’ போதும்.

மேலே கட்டுவது ஏடு. பாலுக்கு இருக்கிற சொல்தான், காப்பிக்கும் பொருந்தும். 200 மில்லி டம்ளருக்கு 11 கிராம் தூள், கொஞ்சம் பெருவெட்டாக அரைத்தது, 93 டிகிரி வெந்நீர், நாலாவது நிமிடம் ஏடு உடைக்க வேண்டும். கரண்டியின் முதுகால் ஏட்டை மெல்லத் தள்ளும்போது மூக்கு டம்ளர் விளிம்பை ஒட்டி இருக்கட்டும். குப்பென்று ஒரு ஆவி வரும், ஈரமணம் அதுதான். ஒரு டம்ளருக்கு ஒரு தடவைதான் கிடைக்கும், யாராவது ஆர்வத்தில் முன்கூட்டியே கலக்கிவிட்டால் போச்சு. இதைத் தாளில் பெரிய எழுத்தில் போடுங்கள்.

நிறம் ஏறாத கொட்டை காயாகப் பறித்ததால் வருவது. உள்ளே சர்க்கரை சேரவில்லை, எவ்வளவு வறுத்தாலும் மஞ்சளாகவே நிற்கும். ஒன்றிரண்டு விழுந்தாலே வேர்க்கடலைத் தோல் மெல்கிற மாதிரி ஒரு ருசி. வறுத்ததும் தட்டில் பரப்பிப் பொறுக்கிவிடுங்கள். நாங்கள் ‘பழுக்காதது’ என்போம், கலைச்சொல் எல்லாம் கிடையாது. பாடிக்கு ‘கனம்’. வேறென்ன யோசிக்க இருக்கிறது?

இரா. (தஞ்சாவூர்):

> பாடிக்கு ‘கனம்’. வேறென்ன யோசிக்க இருக்கிறது?

நிறைய இருக்கிறது.

முதலில் நிறம் ஏறாத கொட்டை. ‘வெளிறு’ என்று பெயர்ச்சொல்லே இருக்கிறது. மரத்தில் வைரம் பாய்ந்த பகுதி காழ், பாயாதது வெளிறு. முற்றாத கொட்டைக்கு இதைவிடப் பொருத்தமாக ஒரு சொல்லை யார் செய்து தரமுடியும்?

அடுத்து பாடி. தமிழில் பாடி என்றால் படை தங்குமிடம், பாடிவீடு தெரியுமல்லவா, காப்பியில் எந்தப் படை தங்குகிறது என்று தெரியவில்லை. ‘கனம்’ வடசொல், அதைக்கூட விட்டுவிடுகிறேன். யோ. சொல்கிற பாடி சுவையும் அல்ல, மணமும் அல்ல. நாக்குக்கும் அண்ணத்துக்கும் நடுவே திரவம் படுகிறபோது உணர்வது, ஆகவே தொடுவுணர்வு. ‘சுவைஒளி ஊறுஓசை நாற்றம்’ என்று குறள் ஐம்புலனையும் அடுக்குகிற இடத்தில் தொடுவுணர்வுக்கு என்ன பெயர்? ஊறு. படு பாடானது போல, கெடு கேடானது போல, உறு முதல் நீண்டு ஊறானது. முதனிலை திரிந்த தொழிற்பெயர், பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். அதே குறளை வைத்து உலர்ந்த தூளின் மணத்துக்கு ‘உலர்நாற்றம்’, வெந்நீர் ஊற்றிய பின் வருகிற மணத்துக்கு ‘ஈரநாற்றம்’ என்று போட்டால் தாள் முழுக்க ஒரு ஒழுங்கு வந்துவிடும்.

வா. (யாழ்ப்பாணம்):

இரா. ஐயா கோபிக்க வேண்டாம். சிரித்ததில் எனக்குப் புரைக்கேறிப் போச்சு.

ஈரநாற்றம் என்று எழுதின தாளை நீட்டினால் கிழவர்கள் கோப்பியைத் தொடவே மாட்டார்கள், மழைக்காலத்துச் சாக்குத்தான் நினைவுக்கு வரும். நாற்றம் ஒரு காலத்தில் நறுமணம் என்றது எல்லாருக்கும் தெரியும், அந்தக் காலம் முடிந்துவிட்டது. ஊறு அதைவிட மோசம். இப்போது அந்தச் சொல் உயிரோடு இருப்பது இரண்டு இடத்தில்: ஊறு விளைவித்தல், நாவூறு. பிள்ளைக்கு நாவூறு பட்டுவிட்டது என்று செத்தல் மிளகாயும் உப்பும் சுற்றிப் போடுகிற சனத்திடம் ‘ஊறு: பத்துக்கு எத்தனை’ என்று கேட்கலாமா?

வெளிறு நல்ல சொல். அதை எடுக்கலாம். செ. அண்ணாவின் ஏடும் சரி. ‘ஆடை’ என்று யாரும் மாற்றாமல் இருந்தால் சரி, ஆடை உடைப்பது சரிவராது.

க. (கோவை):

கனத்தில் வேறு ஒரு சிக்கல் இருக்கிறது, வடசொல்லா தமிழா என்பதைத் தாண்டி.

நம் ஊரில் காப்பி கனமாக இருக்கிறது, கெட்டியாக இருக்கிறது, கள்ளிச்சொட்டாக இருக்கிறது என்றால் தூள் அதிகம் போட்டார்கள் என்று பொருள். அது கரைசலின் அடர்த்தி. பாடி வேறு. ஒரே அடர்த்தியில் போட்டாலும் எண்ணெயும் நுண்தூளும் மிதக்கிற காப்பி வாயில் வழவழவென்று நிற்கும், தாள் வடிகட்டியில் வடித்தால் எண்ணெய் தாளிலேயே தங்கிவிடும், காப்பி தண்ணீர்போல ஓடும். சுவைத்தேர்வில் எதையும் வடிகட்டாமல் உறிஞ்சுவதற்கு இதுவும் ஒரு காரணம். பழகாதவர்களுக்குக் கொழுப்பு நீக்கிய பாலையும் முழுப்பாலையும் அடுத்தடுத்து வாயில் வைத்துப் பார்க்கச் சொல்வார்கள். யோ., ஞாயிறு முதல் வேலையாக அதைச் செய்யுங்கள், சொல் எதுவானாலும் ஆள் புரிந்துகொள்வார்.

இன்னொன்று. கியூபாவில் வீட்டுக்காரர்கள் காப்பியை இப்படி ருசிபார்ப்பதில்லை. கருக வறுத்து, அடுப்பில் வைக்கிற கஃபெத்தேராப் பாத்திரத்தில் இறக்கி, முதலில் வருகிற சில சொட்டைச் சர்க்கரையில் விட்டு வெளுக்கும்வரை கரண்டியால் அடித்து, அந்த எஸ்புமீத்தா நுரையோடு சின்னக் கோப்பையில் குடிக்கிறார்கள். சர்க்கரை போடாமல் கிண்ணத்தில் உறிஞ்சி மதிப்பெண் போடுவது வாங்கி விற்கிறவன் முறை. அதனால் செரானோவைக் கிண்ணத்தில் மட்டும் வைத்து மட்டம் தட்டிவிடாதீர்கள்.

மு. (சென்னை):

கியூபாவா கூபாவா? ஸ்பானியரே கூபா என்கிறார்கள், நடுவில் ஆங்கிலேயன் நுழைத்த யகரத்தை நாம் எதற்குச் சுமக்க வேண்டும்?

கரகொலில்யோ பற்றியும் சொல்லவேண்டும். கரகோல் என்றால் நத்தை, கரகொலில்யோ குட்டி நத்தை. பழத்துக்குள் இரண்டு கொட்டைக்குப் பதிலாக ஒன்றே உருண்டு விளைந்தால் இந்தப் பெயர், நம் கடையில் பீபெரி. ‘நத்தைக்கொட்டை’ என்று வைக்கலாமா? தமிழில் காப்பிக்கே குளம்பு பார்த்து ‘குளம்பி’ என்று வைத்தவர்கள் நத்தைக்கு முகம் சுளிக்கக் கூடாது.

அப்புறம் க. சொன்ன கியூபாக் காப்பிப் பழக்கத்துக்குப் பின்னால் சரித்திரமும் இருக்கிறது. ஹெய்ட்டியில் 1791இல் அடிமைகள் கிளர்ந்தபோது அங்கிருந்து ஓடிவந்த பிரெஞ்சுத் தோட்டக்காரர்கள்தான் கியூபாவின் கிழக்கு மலைகளில் காப்பியைப் பெரிதாக்கினார்கள், கூடவே அடிமைகளையும் கொண்டுவந்தார்கள். அந்தத் தோட்டங்களின் இடிபாடுகளை யுனெஸ்கோ 2000இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது. அப்படிப்பட்ட நாட்டில் ரேஷனில் தலைக்கு மாதம் 115 கிராம் என்றுதான் வைத்திருந்தார்கள், அதுவும் 2011இலிருந்து மறுபடி வறுத்த பட்டாணி கலந்து. நாம் சிக்கரி ருசிக்குக் கலக்கிறோம், அவர்கள் பற்றாக்குறைக்குக் கலக்கிறார்கள். நாக்கு எதில் பழகியிருக்கிறதோ அதைத்தான் நல்லது என்னும்.

இரா. (தஞ்சாவூர்):

குளம்பியைக் கேலி செய்கிறவர்கள் காப்பியைத் தமிழ் என்று நினைக்கிறார்களா? காப்பி என்றால் காப்பிடுவதா, காப்பியமா? கொட்டையின் நடுக்கோடு பிளவுபட்ட குளம்பு மாதிரி இருக்கிறது, பார்த்துப் பெயர் வைத்திருக்கிறார்கள். இதையே ஸ்பானியன் நத்தையைப் பார்த்து வைத்தால் அழகு, தமிழன் குளம்பைப் பார்த்து வைத்தால் கேலி.

யோ. (ரொறன்ரோ):

ஐயாமார், அக்கா, வியாழன் வந்துவிட்டது. குளம்பியைப் பிறகு பார்ப்போம், அசிடிட்டிக்கு இன்னும் ஒருவரும் வாய்திறக்கவில்லை. ‘அமிலத்தன்மை’ என்றால் நெஞ்செரிச்சல் மருந்து மாதிரி இருக்கிறது. ‘புளிப்பு’ என்றால் கெட்டுப்போனது என்று நினைப்பார்கள்.

வா. (யாழ்ப்பாணம்):

பழப்புளிப்பு என்று போடு தம்பி. தோடம்பழப் புளிப்பும் காடிப் புளிப்பும் வேறு என்று எல்லாருக்கும் தெரியும்.

செ. (ஏற்காடு):

பழப்புளிப்புக்கு என் ஓட்டு. கியூபாக் கொட்டையில் அது குறைவாகத்தான் இருக்கும், பெரும்பாலும் பருப்பு, கோகோ, புகையிலைப் பக்கம் போகும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்தக் கட்டத்தில் போடுவது அளவுக்கான மதிப்பெண் அல்ல, தரத்துக்கான மதிப்பெண். கொஞ்சமாக இருந்தும் சுத்தமாக இருந்தால் 8 போடலாம். பாடியும் அப்படித்தான், மெலிதாக இருந்தாலும் பட்டுப்போல இருந்தால் நல்ல மதிப்பெண் உண்டு.

இரா. (தஞ்சாவூர்):

> கொஞ்சமாக இருந்தும் சுத்தமாக இருந்தால் 8 போடலாம்.

செ. தன் வாயாலேயே சொல்லிவிட்டார். கட்டத்துக்குக் ‘கனம்’ என்று தலைப்பு வைத்துவிட்டு மெலிதான காப்பிக்கு 8 போடு என்றால் எவன் போடுவான்? ‘உயரம்’ என்று தலைப்பிட்டுக் குள்ளமானவருக்கு நல்ல மதிப்பெண் கேட்பதுபோல் இருக்கிறது. புலனின் பெயர் நடுநிலையானது, ஊறு மெலிதாகவும் இருக்கலாம், கொழுமையாகவும் இருக்கலாம். தூய்மைவாதம் என்று ஒதுக்கிவிடாதீர்கள், இது கணக்கு.

யோ. (ரொறன்ரோ):

இரவு பதினொன்றரை. சுவைத்தேர்வு, ஏடு, வெளிறு, பழப்புளிப்பு, கனம் என்று அச்சுக்கு அனுப்பிவிட்டேன். கனத்துக்குக் கீழே சின்ன எழுத்தில் ‘வாயில் படும் தன்மை, அதிகம் என்பதால் உயர்வு இல்லை’ என்று ஒரு வரி. கரகொலில்யோ அப்படியே. கியூபாவும் அப்படியே, மு. மன்னிக்கவும்.

யோ. (ரொறன்ரோ), திங்கள்:

நடந்து முடிந்தது. உறிஞ்சுகிற சத்தத்தில் பக்கத்து வீட்டுப் பிள்ளை எட்டிப் பார்த்தது. சர்ரென்று இழுத்தால்தான் காப்பி வாய் முழுக்கத் தூவி, மணம் தொண்டை வழியாக மூக்குக்கு ஏறும் என்று சொன்னதும் பெரியவர்களுக்கு ஒரே உற்சாகம், வாழ்நாள் முழுக்கச் சத்தம் போடாமல் குடி என்று திட்டு வாங்கினவர்கள் அல்லவா.

வெளிறு பொறுக்குகிற வேலை நன்றாகப் பிடித்துப்போனது, அரிசியில் கல் பொறுக்கின கைகள். ஏடும் சிக்கல் இல்லை. துர்க்கினோ சூடாக இருக்கும்போது சும்மா இருந்தது, ஆறினபிறகு ஒரு கருப்பட்டி இனிப்பு வந்தது, கடைசிச் சுற்றில் ஏறக்குறைய எல்லாரும் இனிப்புக் கட்டத்தைத் திருத்தி எழுதினார்கள். பழப்புளிப்பில் பாதிப்பேர் ‘இல்லை’ என்று எழுதினார்கள், எண் போடவில்லை.

கனத்தில் செரானோவுக்கு எல்லாத் தாளிலும் முதலிடம். கருக வறுத்தது, கசப்பு, அதனால் கனம் என்று முடிவு. பால் பரிசோதனை செய்து காட்டியும் இப்படி. சின்ன எழுத்து வரியை ஒருவரும் வாசிக்கவில்லை. ஒரு மாமா மட்டும் கரகொலில்யோவுக்கு எதிரே எண்ணே போடாமல் ‘எண்ணெய் தடவின மாதிரி, ஆனா பாரமில்லை’ என்று எழுதியிருந்தார்.

இரா. (தஞ்சாவூர்):

அந்த மாமா எழுதியதுதான் ஊறு.

வா. (யாழ்ப்பாணம்):

ஐயா, ஊறு வேண்டாம். நடுநிலைச் சொல்தான் வேண்டும் என்றால் ‘வாய்ப்பதம்’ என்று வைப்போம். மாவுக்குப் பதம், பாகுக்குப் பதம், கூடினாலும் குறைந்தாலும் பதம் பதம்தான்.

க. (கோவை):

வாய்ப்பதம் நன்றாக இருக்கிறது. ஆனால் பதம் என்றால் ‘சரியான நிலை’ என்றும் வரும், பதமாக இருக்கிறது என்றால் நன்றாக இருக்கிறது என்று பொருள். அதற்கும் மதிப்பெண் ஏறிவிடும்.

செ. (ஏற்காடு):

அடுத்த தாளுக்கு வாய்ப்பதம் போட்டுப் பாருங்கள். எனக்குக் கனமே போதும் என்றுதான் இன்னும் தோன்றுகிறது, ஆனால் சண்டை போடத் தெம்பில்லை, அறுவடை நேரம்.

மு. (சென்னை):

நானும் வாய்ப்பதம். கூபாவுக்கு யாருமே ஓட்டுப் போடவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன்.

இரா. (தஞ்சாவூர்):

பெரும்பான்மை வாய்ப்பதம் என்றால் இருக்கட்டும். என் மறுப்பைக் குறித்துக்கொள்ளுங்கள். பதம் எந்த மொழிச் சொல் என்பது பற்றித் தனி இழை தொடங்குகிறேன்.